இழுக்க இழுக்க வந்த நீல வயர்

ஆடிக்காற்று இறங்கிவிட்டால் உடுமலைப்பேட்டையில் ஒருத்தர் சொல்வது இன்னொருத்தர் காதுக்குப் போய்ச் சேராது. காற்று ஓட்டைத் தூக்கும், தென்னை மட்டையை விசிறும், வாயைத் திறந்தால் சொல்லைப் பிடுங்கிக்கொண்டு தாராபுரம் பக்கமாக ஓடிவிடும் என்பதால், தளி ரோட்டில் நடக்கிறவர்கள் பேச வேண்டியதையெல்லாம் கண்ணாலும் கையாலும் பேசிக்கொண்டு போவார்கள். அப்படிப்பட்ட ஒரு காலையில்தான், பொது வாசலைச் சுற்றி வீடுகள் நிற்கும் நாச்சம்மாள் வளவில், கீழ்வீட்டு சாரதாமணியின் லேப்டாப்புக்கு நெட்டு வருவது நின்றது.

நெட்டு நிற்பது அந்த ஊருக்குப் புதிதல்ல. ஆனால் சாரதாமணி அந்த நெட்டில் படம் பார்ப்பதும் இல்லை, பாட்டுக் கேட்பதும் இல்லை. அதன் வழியாகத்தான் அவள் புருஷன் மயிலானந்தனுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு வந்துகொண்டிருந்தது.

மயிலானந்தன் ஆழ்குழாய்க் கிணறுகளில் மோட்டார் இறக்கி ஏற்றுகிறவர். கண்ணுக்குத் தெரியாத ஆழத்துக்குக் கயிற்றை விட்டு, அடியில் தட்டுவது சேறா, கல்லா, மோட்டாரா என்று கையாலேயே பார்த்துச் சொல்லுவார். சொல்லும்போதே தோட்டத்துக்காரரின் மகள் கல்யாணம் என்ன ஆச்சு என்று கேட்பார், பதில் வருவதற்குள் தன் மச்சினன் எருமை வாங்கி ஏமாந்த கதையைத் தொடங்குவார். இழுக்கிற நேரமெல்லாம் பேசுவார், பேசுகிற நேரமெல்லாம் எதையாவது இழுத்துக்கொண்டிருப்பார். அப்படிப்பட்ட மனிதர் பங்குனியில் ஒருநாள் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தபடியே வலது பக்கமாகச் சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியபோது வலது கையும் காலும் பாதிதான் கூட வந்தன. பேச்சில் ஒரே ஒரு சொல் வந்தது. 'ஆமா.'

சோறு வேண்டுமென்றாலும் ஆமா, போதுமென்று தட்டைத் தள்ளினாலும் ஆமா. கோபத்துக்கும் ஆமா, கண்ணில் தண்ணீர் நிற்கிறபோதும் ஆமா. இருபது வருஷத்துக்கு மேல் அவர் பேச்சைக் கேட்டுச் சலித்துப்போய், 'கொஞ்சம் வாயை மூடுங்க சாமி' என்று சொல்லியிருந்த சாரதாமணி, இப்போது அந்த ஒற்றைச் சொல்லின் ஏற்ற இறக்கத்தைப் பிடித்துக்கொண்டு குடும்பம் நடத்தினாள்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஷெரின் என்கிற பெண் நாகர்கோவிலில் இருந்தாள். காலையில் லேப்டாப்பில் முகம் காட்டுவாள். தன் வாயைப் பெரிதாகக் காட்டி, உதட்டை எப்படிக் குவிப்பது, நாக்கை எங்கே தொடுவது என்று சின்னப் பிள்ளைக்குச் சோறூட்டுகிற பொறுமையோடு சொல்லித் தருவாள். செல்போனில் அந்த வாய் கடுகளவுக்குத் தெரியும், வளவுக்குள் அதில் பேசலாமே தவிர படம் நிற்காது. லேப்டாப்போ சொந்தக்காரப் பையன் பழசு என்று கொடுத்தது. வயர் இல்லாமல் நெட்டைப் பிடிக்கிற சக்தி அதற்கு எப்போதோ போய்விட்டது. அதனால் மாடியில் குடியிருக்கும் ஓனரம்மா நாச்சம்மாளின் வீட்டு நெட்டுப் பெட்டியிலிருந்து, சுவருக்குள் புதைத்த குழாய் வழியாக ஒரு நீல வயர் கீழே வந்து, மயிலானந்தனின் கட்டிலுக்குத் தலைமாட்டில் வெளியே எட்டிப் பார்த்தது. அந்த வயரில் வந்தவைதான் ஆனி மாதம் அவர் சொன்ன 'தண்ணி'யும், ஆனி கடைசியில் ஒரு காலை அவளைப் பார்த்துச் சொன்ன 'மணி'யும். அந்த இரண்டாவது சொல்லைக் கேட்ட அன்றைக்கு அவள் அடுப்படிக்குப் போய், முருங்கைக்கீரையை உருவுகிற சாக்கில் வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

அந்த நெட்டுத்தான் நின்றது.

ஷெரின் போனில் ஒவ்வொன்றாகச் சொன்னாள், சாரதாமணி ஒவ்வொன்றாகச் செய்தாள்.

"அக்கா, லேப்டாப்பை ஒருவாட்டி அணைச்சுட்டுப் போடுங்க."

"போட்டாச்சு கண்ணு."

"வயரைப் பிடுங்கித் திரும்பச் செருகுங்க. டிக்னு ஒரு சத்தம் கேக்கணும்."

"சத்தம் கேக்குது. வெளக்கு எரியலியே."

"மேல பெட்டில வேற ஓட்டை இருந்தா அதுல மாத்திச் செருகிப் பாருங்க."

சாரதாமணி மாடிக்கு ஏறினாள், மாற்றிச் செருகினாள், இறங்கினாள், பார்த்தாள். பெட்டியை அணைத்தாள், வேப்பமரத்தை ஒருதரம் சுற்றி வந்தாள், போட்டாள். லேப்டாப்பின் மூலையில் இருந்த சின்ன உலகப்படத்தின்மேல் விழுந்த பெருக்கல் குறி அசையவில்லை. மாடியில் நாச்சம்மாளின் டிவியில் நெட்டு நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. கட்டிலில் சாய்ந்திருந்த மயிலானந்தன் 'ஆமா' என்றார். விடு, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்பதற்கான ஆமா அது.

அடுத்த நாள் நெட்டுக்காரர் சபரிநாதன் வந்தார். தன் லேப்டாப்பை மாடிப் பெட்டியில் செருகிப் பார்த்தார், வந்தது. சாரதாமணியின் லேப்டாப்பை மேலே கொண்டுபோய்ச் சின்ன வயரில் மாட்டினார், அதுவும் வந்தது.

"பெட்டி நல்லாருக்குது, லேப்டாப்பும் நல்லாருக்குதுங்க்கா. நடுவுல வர்ற வயர்ல எங்கியோ அடி. எலி கடிச்சிருக்கும்."

"அப்ப அவரை மேல கூட்டீட்டு வரலாமுங்களா தம்பி?" என்று கேட்ட சாரதாமணி, கேட்டபடியே படிக்கட்டைப் பார்த்தாள். ஏணியைப்போல நின்ற படிக்கட்டு அது. காலை இழுத்து நடக்கிறவர் ஏறுகிற படி இல்லை.

"அது வேண்டாமுங்க. பழைய வயர் வால்ல புது வயரைக் கட்டி, கீழ இருந்து பழசை இழுத்தா, புதுசு தானா குழாய்க்குள்ள வந்துரும். அஞ்சு நிமிஷ வேலை."

மேல்முனையைப் பெட்டியிலிருந்து அவிழ்ப்பதற்கு முன்னால், குழாய்க்குள் வயர் சிக்காமல் நகருகிறதா என்று பார்ப்பதற்காக, அவர் கீழே வந்து கட்டில் தலைமாட்டில் நின்று லேசாக இழுத்தார். வயர் வந்தது. இன்னும் கொஞ்சம் இழுத்தார், இன்னும் கொஞ்சம் வந்தது. மாடியில் நின்ற நாச்சம்மாளிடம், "மேல அசையுதுங்களா?" என்று கத்தினார். "மேல அது பாட்டுக்குச் செருகுனபடியே இருக்குது" என்று அவள் கத்தினாள். சபரிநாதன் இழுத்தார். கட்டிலுக்கடியில் நீல வயர் சுருள் சுருளாக விழுந்தது, சுருள் கட்டிலின் உயரத்துக்கு வந்தது, வாசலைத் தாண்டியது, வேப்பமரத்தடிக்குப் போய்ப் படுத்துக்கொண்டது. மேல்முனையோ பெட்டியில் ஒரு நூலளவும் நகராமல், அங்கே தொங்கிய சின்ன வளைவுகூடக் குறையாமல் அப்படியே நின்றது. சாயங்காலம் சபரிநாதன் கையை உதறிவிட்டு, டீயைக் குடித்துவிட்டு, "இது கொஞ்சம் நேரம் புடிக்குமாட்ட இருக்குதுங்க்கா" என்றார்.

புது வயரை மாடிக் கைப்பிடி வழியாக வெளியே தொங்கவிட்டும் பார்த்தார். லேப்டாப் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. பழையது பாதி வந்து வாசலில் கிடக்கும்போது புதியதை ஏற்பது முறையில்லை என்று அது நினைத்ததோ என்னவோ. "சரி, முழுசையும் இழுத்துப் போட்டுட்டுக் கூப்புடுங்க. ஆனா எங்கியும் வெட்டீராதீங்க. வெட்டுனா லைனே செத்துப் போயிரும்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

கம்பெனிக்குப் போன் செய்தபோது, புகார் பதிவாகிவிட்டதாக ஒரு குரல் சொன்னது. சில நாள் கழித்து அதே குரல் கூப்பிட்டு, வயரின் நீளம் சரியாகிவிட்டது என்றால் ஒன்றை அழுத்தச் சொன்னது. சாரதாமணி எதையும் அழுத்தவில்லை.

அன்றிலிருந்து வயரை இழுப்பது அந்த வீட்டின் அன்றாட வேலைகளில் ஒன்றாகிப்போனது. வாசல் தெளிப்பது, பால் வாங்குவது, வயர் இழுப்பது. முதல் சில நாள் சாரதாமணியே இழுத்தாள். ஒருநாள் தாளிக்கிற எண்ணெய் காய்ந்துவிட்டதென்று பாதியில் விட்டுவிட்டு ஓடியவள் திரும்பி வந்தபோது, மயிலானந்தன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து இடது கையால் இழுத்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு தெளிவை அவள் பங்குனிக்குப் பிறகு பார்த்ததில்லை. மறுநாள் அவரது வலது உள்ளங்கையில் வயரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "இந்தக் கையிலயுந்தான் இழுங்களேன்" என்றாள். "ஆமா" என்றார், முடியாது என்கிற ஆமா. ஆனாலும் இழுத்தார். விரல்கள் முதலில் வயரின்மேல் சும்மா கிடந்தன, பிறகு அதைத் தொட்டன, பிறகொரு நாள் பிடித்தன.

வளவுக்காரர்கள் வந்து பார்த்தார்கள். இதென்ன அதிசயம் என்று கேட்டவர்கள் குறைவு. இவ்வளவு வயரை என்ன செய்யலாம் என்று கேட்டவர்கள்தான் அதிகம். கிணறு என்றால் ஊறத்தானே செய்யும் என்பதுபோல, குழாய் என்றால் வயர் வரத்தானே செய்யும் என்று எடுத்துக்கொண்டார்கள். வெட்டக்கூடாது என்று சபரிநாதன் சொன்னதை மட்டும் எல்லாரும் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார்கள். அதனால் அந்த ஒற்றை வயர், எங்கேயும் அறுபடாமல், ஒரு வீட்டு வேலை முடிந்ததும் அடுத்த வீட்டுக்குப் போனது. கோடி வீட்டுக்காரர்கள் அதில் துணி காயப்போட்டார்கள். மிச்சத்தை எடுத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் பந்தலுக்குப் புடலங்கொடியை ஏற்றினார்கள். பால்காரர் குப்புராசு தன் மாடுகளை வரிசையாக அதே வயரில் கட்டினார், ஒரு மாடு தலையை ஆட்டினால் புடலங்காய் ஆடியது. ஆடிப்பதினெட்டுக்கு வேப்பமரத்தில் அந்த வயரை முறுக்கித் தூரி கட்டினார்கள். பக்கத்துத் தெருப் பெண்கள்கூட வந்து ஊஞ்சலாடினார்கள். அவர்கள் ஆடிய ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மாடுகள் அண்ணாந்து பார்த்தன.

எல்லாரையும்விட அதில் மூழ்கிப்போனவள் நாச்சம்மாள்தான். புருஷன் போனபிறகு மாடியில் டிவியோடு தனியாக இருந்தவள். வாடகை கொடுக்கத் தவிர அந்த ஏணிப்படியை யாரும் ஏறியதில்லை. கல்யாணமான புதிதில் வயர்க்கூடை பின்னியவள் என்பதால், சும்மா ஒரு கூடைக்கு அடி போட்டுப் பார்த்தாள். கை மறக்கவில்லை. மத்தியானத்தில் ஒருத்தி கற்றுக்கொள்ள வந்தாள், அவளோடு இன்னொருத்தி வந்தாள், சீக்கிரமே மாடி முழுக்கப் பெண்கள் உட்கார்ந்து முடிச்சுப் போட்டுக்கொண்டு, சிரித்துக்கொண்டு, ஊர் வம்பைப் பேசிக்கொண்டு இருந்தார்கள். வயரை வெட்ட முடியாததால் ஒரு கூடை முடிந்த இடத்தில் அடுத்த கூடை தொடங்கியது. சந்தைக்குப் போகிறபோது ஒன்றோடொன்று இணைந்த கூடைகளைத் தூக்கிக்கொண்டு வளவுப் பெண்கள் வரிசையாகத்தான் போக வேண்டியிருந்தது. ஒருத்தி கத்தரிக்காய்க்கு நின்றால் எல்லாரும் நின்றார்கள். பேசாமலிருந்த இரண்டு பேர் வேறு வழியில்லாமல் பேசிவிட்டார்கள். காய்கறிக்காரர்கள் அந்த வரிசை வந்தால் தராசைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

சாரதாமணிக்கு இதெல்லாம் சந்தோஷமாகத்தான் இருந்தது, ஆனால் அவளுக்குள் ஒரு பயமும் கூடவே வளர்ந்தது. லேப்டாப் மூடியபடி அலமாரியில் கிடந்தது. பயிற்சி நின்றதால் மயிலானந்தன் 'தண்ணி' சொல்வதை நிறுத்திவிட்டார். செம்பைக் கையால் காட்டினார். 'மணி'யும் போய்விட்டது. அவள் ஒருநாள் அவர் எதிரில் உட்கார்ந்து, ஷெரினைப்போலவே வாயைக் குவித்து, "ம… ணி. சொல்லுங்க, ம… ணி" என்றாள். அவர் வெகுநேரம் முயன்றார். வாய் கோணியது, கழுத்து நரம்பு புடைத்தது. கடைசியில், "ஆமா" என்றார். அவள் புரிந்துகொண்டு தலையாட்டினாள். கை வருகிறது, சொல் போகிறது; எதற்குச் சந்தோஷப்படுவது, எதற்கு அழுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஆவணி பிறந்து காற்று அடங்கிய ஒரு காலையில், காபி குடித்துவிட்டு மயிலானந்தன் வழக்கம்போல இழுக்க உட்கார்ந்தார். சாரதாமணி பக்கத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். அவர் கை நின்றது. வயரைப் பிடித்தபடியே தலையைச் சாய்த்து, கிணற்று மேட்டில் நிற்கும்போது அவர் எப்படி நிற்பாரோ அப்படி, உள்ளுக்குள் எதையோ கேட்பதுபோல உட்கார்ந்திருந்தார். மெல்ல ஒருதரம் இழுத்தார். வயர் அவர் கையிலிருந்து மெல்ல அந்தப் பக்கம் போனது. மறுபடி இழுத்தார். மறுபடி அது போனது.

"எங்கியாச்சும் சிக்கீருச்சுங்களா?" என்றாள் சாரதாமணி.

அவர் தலையை அசைத்தார். சேறு உறிஞ்சும், கல் முரண்டு பிடிக்கும், மோட்டார் கனக்கும்; இது அந்த மூன்றில் எதுவும் இல்லை என்று அவர் கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் வாய் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது.

"ஆளு" என்றார்.

பூண்டு அவள் மடியிலிருந்து உருண்டது.

"என்னங்க சொன்னீங்க?"

"அங்க… ஆளு."

அவள் பூண்டைத் தள்ளிவிட்டு அவர் கையின்மேல் தன் கையை வைத்தாள். வயர் இரண்டுதரம் லேசாக அசைந்தது. பிள்ளை சேலைத் தலைப்பைப் பிடித்து இழுக்கிற அளவுக்குத்தான் இருந்தது அந்த இழுப்பு. அவருக்குச் சொல் வந்ததற்காகவா, சுவருக்குள்ளிருந்து ஒருத்தர் தன் கையைத் தொட்டதற்காகவா என்று தெரியாமலேயே அவள் அழுதாள்.

அன்று மத்தியானம் இன்னும் கொஞ்சம் வயர் வந்தபோது அதோடு ஒரு பொருளும் வந்தது. மரத்தாலான ஒரு துணிக் கவ்வி, அதன் வாயில் ஒரு சின்னக் கம்பளிக் காலுறை. இரண்டு வயசுப் பிள்ளையின் பாதத்துக்கு வரும். சிவப்பில் வெள்ளைக் கோடு. தொட்டால் ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்ததுபோலக் குளிர்ந்தது, இன்னும் ஈரம் காயவில்லை.

வளவே அந்தக் காலுறையைப் பார்க்க வந்தது. வயர் நீளமாக வந்தபோது கேட்காத கேள்வியை எல்லாரும் இப்போதுதான் கேட்டுக்கொண்டார்கள்.

"எந்த ஊரா இருக்கும்?"

"நம்மூரு இல்லீங்க. கம்பளி போடறாங்கன்னா குளுரு ஊரு."

"அவுங்களும் இதுலதான் துணி காயப்போட்டிருக்காங்க."

குப்புராசுதான் மெதுவாகச் சொன்னார்: "அப்ப, நாம இழுக்க இழுக்க அங்க ஒருத்தருக்குக் கொறஞ்சிட்டே வந்திருக்குது."

புடலங்கொடி, மாடுகள், கூடைகள் என்று அவரவர் பங்கு வயரை அவரவர் ஒருதரம் பார்த்துக்கொண்டார்கள்.

திருப்பி விட்டுவிட வேண்டியதுதான் என்று எல்லாரும் சொன்னபோது, நாச்சம்மாள் மட்டும் எழுந்து மாடிக்குப் போய்விட்டாள். சாரதாமணி பின்னாலேயே ஏறினாள். கூடைகள் சுவரோரமாக ஒன்றுக்குள் ஒன்று கோத்தபடி நின்றன. நாச்சம்மாள் கடைசிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நீ சொல்லறதுக்கு முன்னாலயே எனக்குத் தெரியும் சாரதா. அவுங்குளுது அவுங்குளுக்குத்தான். ஆனா இதையும் பிரிச்சுக் குடுத்துட்டா நாளைக்கு இந்தப் படியை யாரு ஏறுவாங்க?"

பொய்யாக ஒரு ஆறுதல் சொல்லச் சாரதாமணிக்கு மனசு வரவில்லை. அவள் கீழே உட்கார்ந்து கூடையின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு மட்டும் என்னுங்க்கா? இதை இழுத்துத்தான் அவரு கையே வந்துச்சு. விட்டுட்டா நாளைக்கு எதைப் புடிப்பாருன்னு எனக்குந்தான் தெரியல."

அந்த நேரத்தில், சாரதாமணி வீட்டுச் சுவரிலிருந்து கிளம்பி, தூரியையும் மாடுகளையும் பந்தலையும் சுற்றி மாடிக்கு வந்திருந்த அந்த வயர், நாச்சம்மாளின் மடியில் இருந்த கூடையின் காதுவரைக்கும் வந்து, இரண்டுதரம் லேசாக அசைந்தது. நாச்சம்மாள் கூடையின்மேல் கையை வைத்தாள். மறுபடி அசைந்தது.

"அடக் கண்ணு" என்றாள், கூடையைப் பார்த்து. பிறகு முதல் முடிச்சைத் தேடி நகத்தால் நெம்பத் தொடங்கினாள்.

கூடைகளைப் பிரிக்கப் பெண்கள் எல்லாரும் மாடிக்கு வந்தார்கள். பின்னியபோது பேசியதைவிடப் பிரிக்கும்போது அதிகம் பேசினார்கள். தூரியை இறக்கினார்கள், மாடுகளைப் பழைய கயிற்றுக்கு மாற்றினார்கள், புடலங்கொடியைக் காய் உதிராமல் பிரித்தெடுக்க ஒரு முழுக் காலை ஆனது. நாச்சம்மாள் வயரைத் துணியால் துடைத்துத் துடைத்து விட்டாள். காலுறையை வெந்நீரில் அலசி, வெயிலில் காயவைத்து, அதே கவ்வியில் மாட்டப்போகும்போது கை நின்றது.

"வெறுசா அனுப்பறதா? பக்கத்து வீட்டுக் கிண்ணத்தையே நாம வெறுசா திருப்பிக் குடுக்கமாட்டோம்."

என்ன வைப்பது என்று பெரிய வாக்குவாதம் நடந்தது. முறுக்கு நொறுங்கும், கச்சாயம் எண்ணெய் விடும், பழம் அழுகும். கடைசியில் வறுத்த நிலக்கடலையைக் காலுறை நிறையப் போட்டு, வாயைத் தைத்து, கவ்வியில் மாட்டினார்கள்.

மாடியிலிருந்து படி, படியிலிருந்து வேப்பமரத்தடி, அங்கிருந்து வாசல், வாசலிலிருந்து கட்டில் என்று ஆட்கள் வரிசையாக நின்றார்கள். வயர் கை மாறிக் கை மாறி வந்தது. குழாயின் வாயில் மயிலானந்தன் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையாலும் பிடித்து, ஒவ்வொரு முழமாக உள்ளே விட்டார். வயர் திரும்பிப் போக விரும்பியதைப்போல வழுக்கிக்கொண்டு போனது. கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்தவர்கள் அவசரப்பட்டார்கள், வாசலில் சுருள் விழுந்தது. அவர் திரும்பிப் பார்க்காமலேயே, "மெல்ல" என்றார்.

வரிசை நின்றது.

"எறக்கு" என்றார். "எறக்கு… எறக்கு… நிறுத்து."

அவை கிணற்று மேட்டுச் சொற்கள். மோட்டாரைக் குழிக்குள் விடும்போது ஆட்களுக்கு அவர் இட்ட கட்டளைகள், பங்குனிக்குப் பிறகு எங்கே போயினவோ, அதே வரிசையில் இப்போது வெளியே வந்தன. வளவுக்காரர்கள் எறக்கு என்றால் விட்டார்கள், நிறுத்து என்றால் நின்றார்கள். வேப்பமர நிழல் கிழக்குப் பக்கம் சாயும் வரைக்கும் விட்டுக்கொண்டே இருந்தார்கள். கட்டில் தலைமாட்டில் பழையபடி ஒரு சாண் மிஞ்சியபோது, அந்தப் பக்கமிருந்து நீளமாக ஒரு இழுப்பு வந்து, வயர் விறைப்பாக நின்றது.

"போதும்" என்றார் மயிலானந்தன்.

சாரதாமணி அலமாரியிலிருந்து லேப்டாப்பை எடுத்து, தூசியைத் தலைப்பால் துடைத்து, வயரைச் செருகினாள். டிக்கென்றது. பச்சை விளக்கு ஒன்று நின்று எரிந்தது, மஞ்சள் விளக்கு ஒன்று படபடத்தது. மாடிக்கு ஏறிப்போன பெண்களில் ஒருத்திகூட இன்னும் இறங்கி வரவில்லை. தேங்காய் நாரில் கால்மிதி பின்னலாமா கூடாதா என்று மேலே பேச்சு நடந்துகொண்டிருந்தது.

அடுத்த நாள் காலை ஷெரினின் முகம் வந்தது.

"அய்யா, எப்படி இருக்கீங்க? ரொம்ப நாளாச்சு. போன தடவை படிச்ச வார்த்தைங்க ஞாபகம் இருக்கா பாப்போம்." அவள் ஒரு செம்பின் படத்தைக் காட்டினாள்.

மயிலானந்தன் செம்பைப் பார்க்கவில்லை. அவர் அவளையே பார்த்தார். வாய் திறந்தது.

"வயரு" என்றார். "இழுத்தேன். வந்துச்சு… வந்துட்டே… இருந்துச்சு."

ஷெரின் படத்தைக் கீழே வைத்தாள்.

"மாடு… கட்டுனோம். தூரி. கூடை." ஒவ்வொரு சொல்லையும் அடியாழத்திலிருந்து ஏற்றி, மேலே வந்ததும் ஒரு நொடி பார்த்துவிட்டுத்தான் வெளியே விட்டார். "அங்க ஆளு. பிள்ளை. குளுரு ஊரு. கடலை… குடுத்தோம்." வலது கையைத் தூக்கி வயரைக் காட்டினார். "புடிச்சுதோ… என்னமோ."

ஷெரினின் முகம் கொஞ்சம் மாறியது. சொல் வருகிறது, ஆனால் பொருள் தடம் மாறிப்போகிறது என்று நினைத்திருப்பாள். அப்படிப்பட்டவர்களை அவள் பார்த்திருக்கிறாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அக்கா, பக்கத்துல இருக்கீங்களா? அய்யா இப்படி அடிக்கடி பேசுறாரா?" என்றாள்.

சாரதாமணி லேப்டாப்பின் முன்னால் வந்து, புருஷனுக்குப் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"இன்னிக்குத்தான் கண்ணு இவ்வளவு பேசறாரு. அவரு சொன்னதுல ஒரு சொல்லுக்கூடத் தப்பில்ல. அத்தனையும் நடந்துச்சு."

அந்தப் பக்கம் ஷெரின் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கையிலிருந்த படங்களை அடுக்கி ஓரமாக வைத்துவிட்டு, நாற்காலியை லேப்டாப்புக்கு இன்னும் கொஞ்சம் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அப்புறம் என்ன ஆச்சுங்கய்யா?" என்றாள்.

மயிலானந்தன் கண்ணை மூடிக்கொண்டு அடுத்த சொல்லைத் தேடினார். சாரதாமணிக்கு அந்தச் சொல் தெரியும். எடுத்துக் கொடுக்காமல், அவசரமில்லாமல், பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.